கசப்பு தூக்கலாக இருக்கட்டும்

மேல்நெல்லிவாடி
கல்வராயன் மலை
14.6.1987

அன்புள்ள மாமாவுக்கு,

அரசி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையிலிருந்து கடிதம் வந்தாலே அத்தை காய்ச்சலோ என்று பயப்படுவார்கள் என்று தெரியும். அவர்களுடைய முட்டிவலி எப்படி இருக்கிறது? பிண்டத் தைலம் தேய்க்கிறார்களா, இல்லை புட்டியைப் பரண் மேல் வைத்துவிட்டார்களா?

நீங்கள் இந்த ஊருக்கு இன்னும் ஒருமுறைகூட வரவில்லை. "கெளம்பி வர்றேன்" என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறீர்கள். வடக்கனந்தலிலிருந்து மூன்று மணி நேரம் பஸ். என்னைக் கட்டிக்கொடுத்தது வைத்தியருக்கா, சங்கத்துக்கா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

இங்கே முறைக்காய்ச்சல் வந்துவிட்டது. சித்திரையில் கர்நாடகத்துக்குக் கல்லுடைக்கப் போன ஆட்கள் திரும்பியபோது கூடவே வந்தது. முதலில் படுத்தது அம்மாசி. என் சுகாதார சப்-சென்டருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள் பூமாலை என்று ஒரு பெண், அவள் புருஷன். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டிலோடு சேர்ந்து உதறுகிறான். ரத்தம் எடுத்து அனுப்பினேன், மலேரியா என்று வந்தது. மாத்திரை கொடுத்தேன். அதைத் தின்றுவிட்டு வாந்தி எடுத்தான், காதில் வண்டு குடையுது என்றான், உடம்பெல்லாம் அரிப்பு என்று சொறிந்துகொண்டே ஊரைச் சுற்றி வந்தான். அவ்வளவுதான். ஊரே மாத்திரையைத் தொட மாட்டேன் என்கிறது. என் கண் முன்னால் வாயில் போட்டுக்கொள்கிறார்கள், நான் திரும்பியதும் துப்புகிறார்கள். நேற்று சாமைக் கொல்லை ஓரமாக நடந்து வந்தேன், மண்ணில் வெள்ளை வெள்ளையாய்க் கிடந்தது.

பூமாலையின் அப்பா சடையன் சொல்கிறார்: "உன் வூட்டுக்காரரு வைத்தியராமே. அவரு கசாயம் குடுத்தா குடிப்போம். இந்த வெள்ளைக் கல்லு எங்களுக்கு வாணாம்."

மாமா, ஏதாவது அனுப்புங்கள். மாத்திரையையும் கசாயத்தையும் சேர்த்துக் கொடுக்கலாமா, கூடாதா? எங்கள் டாக்டரிடம் கேட்டேன். "மாத்திரை உள்ளே போனால் சரி, பின்னாலேயே பாயசம்கூடக் கொடு" என்றார்.

உங்கள் அரசி

*

வடக்கனந்தல்
28.6.1987

அன்புள்ள அரசிக்கு,

கொளஞ்சியப்பன் எழுதுகிறேன். அம்மா தைலத்தைப் பரண் மேல்தான் வைத்திருக்கிறார்கள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் கீழே இறங்கியது.

சுரக் குடிநீர்ச் சூரணம் இரண்டு கிலோ பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நிலவேம்பு, சீந்தில், பற்படாகம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு. எல்லாம் நானே வாங்கி, நானே காயவைத்து, நானே இடித்தது. இரண்டு விரல் அள்ளும் பொடிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், கால் டம்ளராகச் சுண்ட வேண்டும்.

சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்டாய். கொடுக்கலாம், ஆனால் கலக்காதே. சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை. இரண்டு மணி நேரம் கழித்துக் கசாயம். என் மருந்து உடம்பின் அனலைத் தணிக்கும், பசி உண்டாக்கும், மாத்திரையால் வரும் குமட்டலையும் கொஞ்சம் அடக்கும். அந்தக் கிருமியைக் கொல்லுமா என்றால், கொல்லும் என்று என் அப்பாகூடச் சொன்னதில்லை. அந்த வேலையை உன் மாத்திரைதான் செய்ய வேண்டும். கசாயம் வேண்டுமென்றால் மாத்திரையும் சாப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடு.

சங்கத்தைக் கிண்டல் பண்ணுகிறாய். பண்ணு. சித்த மருத்துவக் கல்லூரிக்கு நான் மனுப் போட்ட வருஷம் என் மார்க்குக்கு இடம் கிடைத்திருந்தால், இன்றைக்கு உன் டாக்டர் நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் நானும் உட்கார்ந்திருப்பேன். என் தம்பிக்கும் அதே கதிதான் ஆனது. நம் ஜனத்துக்கென்று படிப்பிலும் வேலையிலும் ஒரு பங்கு கேட்கிறோம், வேறொன்றும் இல்லை. ஆடியில் பெரிய கூட்டம் இருக்கிறது. அது முடிந்ததும் மலைக்கு வருகிறேன். இந்த முறை பொய்யில்லை.

அன்புடன்,
கொளஞ்சியப்பன்

*

மேல்நெல்லிவாடி
26.7.1987

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் பொடி வந்த நாளிலிருந்து என் வாசலில் கூட்டம். நாற்பத்தொரு பேர் முழுசாய் மருந்து முடித்திருக்கிறார்கள். அம்மாசி மறுபடியும் கல்லுடைக்கக் கிளம்பும் அளவுக்குத் தேறிவிட்டான். போன மாதம் நூறு பேர் ரத்தத்தில் பதினெட்டுப் பேருக்குக் கிருமி இருந்தது. இந்த மாதம் நான்கு பேருக்குத்தான். மலேரியா ஜீப்பில் வந்த ஆபீசர் என் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, "மலையிலேயே உன் ஊர்தாம்மா ஃபர்ஸ்ட்" என்றார். மற்ற நர்சுகளுக்கு என்னைப் பேசச் சொல்லிக் கடலூரில் ஒரு பயிற்சிக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எப்படி இவர்களைச் சாப்பிட வைத்தாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நீங்களும் கேட்பீர்கள். ஆளுக்கு ஐந்து நாளைக்கு ஐந்து பொட்டலம் நானே மடித்துக் கொடுக்கிறேன், தினம் ஒன்று காய்ச்சிக் குடிக்கிறார்கள். குடிக்கிறார்கள் இல்லையா, அது போதும்.

பொட்டலம் மடிக்கப் பூமாலைதான் துணை. எழுத்துத் தெரியாது, ஆனால் எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எத்தனையாவது நாள் என்று விரலில் வைத்திருக்கிறாள். "நர்சக்கா, உங்க வூட்டுக்காரரு வந்தா அவருக்குத் தேன் எடுத்தாந்து குடுப்பேன்" என்கிறாள்.

இன்னும் இரண்டு கிலோ அனுப்புங்கள். துணியில் சலித்து நைசாக அனுப்புங்கள். கசப்பு இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்.

உங்கள் அரசி

*

வடக்கனந்தல்
20.8.1987

அன்புள்ள அரசிக்கு,

உன் கடிதத்தை மூன்று பேருக்குப் படித்துக் காட்டினேன். "மருமவ கவர்மெண்டு வேல, புள்ள நாட்டு வைத்தியன், ரெண்டும் சேந்துக்கினு காய்ச்சல வெரட்டுது" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நாம் ஒரே வீட்டில் இருந்து ஒரே அடுப்பில் சமைத்த நாட்களை எண்ணினால் ஒரு வருஷம்கூட வராது. இருந்தாலும் இந்த இரண்டு மாதம் உன் பக்கத்திலேயே இருந்து வேலை செய்தது போல இருக்கிறது எனக்கு.

கசப்பைக் கூட்டச் சொல்கிறாய். குறைக்கச் சொல்லித்தான் எல்லாரும் கேட்பார்கள். மலை ஜனத்துக்கு அதுதான் மருந்து என்று நம்பிக்கை வரும் போல என்று நினைத்துக்கொண்டு வேப்பம்பட்டை சேர்த்திருக்கிறேன்.

ஒரு விஷயம். செப்டம்பர் பதினேழிலிருந்து ஒரு வாரம் சங்கத்தின் சாலை மறியல். வடக்கே எந்த ரோட்டிலும் ஒரு வண்டி ஓடாது. பயிற்சி முடிந்ததும் பதினாறாம் தேதியே வந்து சேர்ந்துவிடு. நேராக இங்கே வா. அந்த ஒரு வாரமாவது நீ என் வீட்டில் அடைந்து கிடப்பாய்.

அன்புடன்,
கொளஞ்சியப்பன்

*

மேல்நெல்லிவாடி
12.9.1987

மாமா,

அவசரமாக எழுதுகிறேன். நாளைக் காலை பஸ்ஸில் கடலூருக்குக் கிளம்புகிறேன். பயிற்சி பதினாறு மதியம் முடிகிறது, அன்றைக்கே வந்துவிடுவேன். எனக்குக் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வேண்டும் என்று அத்தையிடம் சொல்லுங்கள்.

பூமாலைக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், இப்போதெல்லாம் பதில் வர மூன்று வாரம் ஆகிறது. அதுவரை காத்திருக்க மனசில்லை. அவளுக்கு ஐந்து பொட்டலமும், அம்மாசிக்கு மறுபடியும் உடம்பு கதகதவென்று இருப்பதால் அவனுக்கு ஐந்தும் சடையனிடம் கொடுத்திருக்கிறேன். "நீ போயிட்டு வாம்மா, நான் காய்ச்சிக் குடுக்கறேன்" என்றார்.

அரசி

*

திருநாவலூர்
20.9.1987

மாமா,

இந்தக் கடிதம் எப்போது உங்கள் கைக்கு வருமோ தெரியாது. பதினாறாம் தேதி ராத்திரியே மரத்தைச் சாய்த்து, நான் வந்த பஸ்ஸை உளுந்தூர்பேட்டையில் நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து நடந்தே அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ரோடு முழுக்க மரம். போலீஸ் சுட்டுவிட்டது, ஆட்கள் செத்துவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். எங்கே, யார் என்று யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் முன்னால் போய் நிற்காதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

நான் மலைக்குப் போயாக வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள். பூமாலையின் நினைப்பாகவே இருக்கிறது. ஐந்து நாளும் நான் கூட இருந்து பார்த்திருக்க வேண்டும்.

அரசி

*

வடக்கனந்தல்
27.9.1987

அரசி,

நான் உயிரோடு இருக்கிறேன். பூமாலை இறந்துவிட்டாள். இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நான் அங்கே இருந்தேன் என்பது உனக்குத் தெரியாது. அதை எழுதாமல் என்னால் சோறு தின்ன முடியவில்லை.

பத்தொன்பதாம் தேதி காலை கச்சிராயபாளையம் ரோட்டில் புளியமரம் ஒன்றைச் சாய்த்திருந்தோம். கோடாலி பிடித்தது நான் இல்லை. ஆனால் கயிறு பிடித்து இழுத்தவர்களில் நானும் ஒருவன். வெயில் ஏறிய நேரத்தில் மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு டெம்போ வந்து நின்றது. "ஒரு வண்டியும் போவக்கூடாது, திரும்பு" என்று நம் ஆட்கள் கத்தினார்கள். ஒரு கிழவர் இறங்கி ஓடி வந்து எல்லார் காலிலும் விழுந்தார். "மலையிலேர்ந்து தூளி கட்டித் தூக்கியாந்தோம் சாமி, புள்ள சாவுது" என்றார். நான் போய்ப் பார்த்தேன்.

அந்தப் பெண்ணின் கண் மஞ்சள். உள்ளங்கை, நகம், உதடு எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. உடம்பில் ரத்தமே இல்லை. கட்டியிருந்த சேலையில் மூத்திரம் போயிருந்தது, கடுங்காப்பி நிறம். நான் இருபது வருஷமாய் வைத்தியம் பார்க்கிறேன், அப்படி ஒரு நிறம் பார்த்ததில்லை.

"இன்னா குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"வேற ஒண்ணுமே குடுக்கல சாமி. வடக்கனந்தல் வைத்தியரு கசாயம் மட்டுந்தான். மூணாம் நாளே மூத்திரம் கறுத்துச்சி. வெசம் எறங்குதுன்னு நெனச்சிக்கினு ரெண்டு வேளையா குடுத்தோம். மருமவன் சொல்லாம கொள்ளாம வேலைக்குப் போயிட்டான், அவன் பொட்டலத்தையும் சேத்துக் குடுத்தோம்."

நான்தான் அந்த வைத்தியர் என்று அவரிடம் அப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

வண்டியை விட முடியாது என்றார்கள். விட்டாலும் பயனில்லை, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் பதினோரு மரம் கிடந்தது. பக்கத்துக் கொட்டகையில் கயிற்றுக் கட்டில் வாங்கி, நாங்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஒவ்வொரு மரத்துக்கும் கட்டிலை இறக்கி, கிளைக்கு மேலே தூக்கி, அந்தப் பக்கம் வாங்கினோம். இரண்டாவது மரத்தில் கண் திறந்தாள். "நர்சக்கா வந்துட்டாங்களா?" என்று கேட்டாள். வருவாங்கம்மா என்றேன். "கசாயத்த ஒரு வேளகூட வுடலைன்னு அக்காகிட்ட சொல்லுங்க" என்றாள். நாலாவது மரத்தைத் தாண்டியபோது கட்டில் கனத்துவிட்டது. அதன்பிறகும் கொஞ்ச தூரம் நடந்தோம். சடையன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார், அவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ரோட்டோரம் ஒரு புளிய மரத்தடியில் கட்டிலை இறக்கி வைத்து அவரிடம் நான் யார் என்று சொல்லி, காலைத் தொட்டேன். அவர் என்னை அடிக்கவில்லை.

அரசி, என் சரக்கையெல்லாம் கொட்டி ஒவ்வொன்றாய்ப் பார்த்துவிட்டேன். சீந்தில் என்று நினைத்து வேறு கொடியை அறுத்துவிட்டேனா? வேப்பம்பட்டையில் ஏதாவது கலந்து வந்ததா? நாற்பது பேர் குடித்தார்களே, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே. நீ படித்தவள். ரத்தத்தை இப்படி உடைக்கும் பொருள் என்ன என்று உன் டாக்டரைக் கேட்டு எழுது.

கொளஞ்சியப்பன்

*

மேல்நெல்லிவாடி
6.10.1987

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன், அதற்கு மேல் முடியவில்லை. உங்கள் மருந்தில் தப்பு இருக்காது. அவளுடைய உடம்பு வாகு அப்படி. காய்ச்சலே சில சமயம் ரத்தத்தை உடைக்கும் என்று சொல்கிறார்கள். மனசைப் போட்டு வதைத்துக்கொள்ளாதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இங்கே விசாரணை வரும் என்கிறார்கள். நீங்களாகப் போய் எதுவும் சொல்ல வேண்டாம்.

அரசி

*

வடக்கனந்தல்
19.10.1987

அரசி,

விசாரணைக்கு வந்தார்கள், பன்னிரண்டாம் தேதி. நான் மறைக்கவில்லை. மருந்து என்னுடையது, நான் இடித்தது, அதனால்தான் அந்தப் பெண் இறந்தாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அப்பா காலத்திலிருந்து இருந்த பதிவுச் சான்றிதழையும் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டேன். கடையைப் பூட்டியாகிவிட்டது. மீதியிருந்த சரக்கை ஏரிக்கரையில் வைத்துக் கொளுத்தினேன்.

பதினாறாம் தேதி சடையன் வந்தார். வாசலில் நின்றுகொண்டு, "இது ரெண்டும் மீந்துபோச்சி. வூட்ல வெச்சிக்க பயமா கீது. நீங்களே வாங்கிக்குங்க" என்று இரண்டு பொட்டலத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். நீ மடித்த பொட்டலம். மடிப்பைப் பார்த்தாலே தெரிகிறது.

ஒன்றைப் பிரித்து நாக்கில் வைத்தேன். நிலவேம்பின் கசப்பு அடிநாக்கில் போய்த் தங்கும், வேப்பம்பட்டை தொண்டையைப் பிடிக்கும். இரண்டும் எனக்கு என் பெயர் மாதிரி. இந்தப் பொட்டலத்தில் மூன்றாவதாக ஒரு கசப்பு இருக்கிறது. துணியில் சலித்துப் பார்த்தேன். வெள்ளையாய் நின்றது.

இதில் என்ன இருக்கிறது என்று நீயே எழுது.

கொளஞ்சியப்பன்

*

மேல்நெல்லிவாடி
30.10.1987

மாமா,

மாத்திரை. பெரியது, சின்னது, இரண்டு விதமும். அம்மிக்கல்லில் நுணுக்கி உங்கள் பொடியோடு கலந்தேன். ஜூலை இரண்டாம் வாரத்திலிருந்து எல்லாப் பொட்டலத்திலும் கலந்தேன். அதற்காகத்தான் நைசாகச் சலிக்கச் சொன்னேன். அதற்காகத்தான் கசப்பைக் கூட்டச் சொன்னேன். பொட்டலம் மடித்த பூமாலைக்கும் தெரியாது. அவள் வருவதற்கு முன்னாலேயே நுணுக்கி வைத்துவிடுவேன்.

நீங்கள் சொன்னபடி முதல் வாரம் தனித்தனியாய்த்தான் கொடுத்தேன். கசாயத்தைக் குடித்துவிட்டு மாத்திரையைத் துப்பினார்கள். ஒரு சின்னப் பெண் வலிப்பு வந்து செத்தது. அன்றைக்குத்தான் அம்மியை எடுத்தேன். மாமா, அதன்பிறகு ஒருத்தரும் சாகவில்லை. ரத்தத்தில் கிருமி குறைந்துகொண்டே வந்தது. நான் செய்தது சரி என்றே இருந்தேன். ஆபீசர் பாராட்டியபோது எனக்கு வெட்கமாகக்கூட இல்லை.

இப்போது டாக்டரிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். சிலருடைய ரத்தத்தில் பிறவியிலேயே ஒரு சத்து கம்மியாய் இருக்குமாம். அவர்களுக்கு அந்தச் சின்ன மாத்திரை ஆகாது, ரத்தம் உடைந்து மூத்திரத்தில் போகும். மலை ஜனங்களிடம் அது கொஞ்சம் ஜாஸ்தியாம். அதனால்தான் மூத்திரம் கறுத்தால் உடனே மாத்திரையை நிறுத்தச் சொல்லவேண்டும் என்று எங்களுக்கு நர்ஸ் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் யாரிடம் சொல்வது? அவர்கள் மாத்திரையே சாப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கசாயம் யாருக்கும் கெடுதல் செய்யாது என்று இரட்டிப்பாய்க் கொடுத்தார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பூமாலையின் ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. கிருமி இல்லை. அவளுக்கு மலேரியாவே இல்லை மாமா. நாலு நாளில் தானாகப் போகிற காய்ச்சல்.

நான் வந்து விசாரணை ஆபீசரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுத்த வாக்குமூலத்தைத் திருப்பி வாங்குங்கள். பூமாலை இறந்ததைச் சொன்ன உங்கள் கடிதத்துக்கே பதிலாய் இதை எழுதியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். வேலை போய்விடும் என்று பயமில்லை. நீங்கள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்று பயம்.

கலையரசி

*

வடக்கனந்தல்
14.11.1987

கலையரசிக்கு,

உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கிழித்துப் போடு.

நான் வாக்குமூலத்தை மாற்றப்போவதில்லை. நீயும் யாரிடமும் சொல்லக்கூடாது. மாத்திரை கொன்றது என்று தெரிந்தால் அந்த மலையில் இனி ஒருத்தனும் மாத்திரை தின்ன மாட்டான், ரத்தம் கொடுக்க மாட்டான், நர்சுக்குக் கதவு திறக்க மாட்டான். கசாயம் கொன்றது என்று இருந்தால் கசாயத்தோடு போகும். அவர்களைக் காப்பாற்றப்போவது மாத்திரைதான் என்று நானே உனக்கு எழுதியிருக்கிறேன். என் மருந்து போனால் போகட்டும்.

மரத்தை இழுத்தது என் கை. அதற்கு எவனும் என்னிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. இதற்குப் போட்டேன்.

ஆனால் ஒன்று. அந்தக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது என் மனசில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று உனக்குத் தெரியாது. கொலைகாரன் தூக்கிக்கொண்டு போகிறான் என்று ஒவ்வொரு அடிக்கும் சொல்லிக்கொண்டு நடந்தேன். அதற்குப் பிறகும் நீ "உடம்பு வாகு" என்று எழுதினாய். நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாய். நீ கலந்ததைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அந்தக் கடிதத்தை என்னால் தாங்க முடியவில்லை.

இங்கே வராதே. அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறேன். இனி நீ எழுதினாலும் நான் பிரிக்க மாட்டேன்.

கொளஞ்சியப்பன்

*

மேல்நெல்லிவாடி
2.8.1988

மாமா,

பிரிக்க மாட்டேன் என்று சொன்னீர்கள். ஒன்பது மாதம் நானும் எழுதவில்லை. இதை மட்டும் பிரித்துவிடுங்கள். எனக்காகக் கேட்கவில்லை.

நீங்கள் சொன்ன சொல்லை வைகாசி வரை காப்பாற்றினேன். பிறகு முடியவில்லை. சடையன் தினமும் என் வாசல் வழியாகத்தான் ஆடு ஓட்டிக்கொண்டு போவார். ஒருநாள் நின்று, "அந்த வைத்தியரு கடையக் கட்டிட்டாராமே, கரும்பு வெட்டப் போறாராமே. பாவம்மா, தெரிஞ்சா செஞ்சாரு" என்றார். பெண்ணைப் பறிகொடுத்தவர் உங்களுக்காகப் பரிதாபப்படுகிறார். நான் சொல்லிவிட்டேன். அவர் ஒருத்தரிடம் மட்டும்.

ஆடுகளை ஓரமாய் ஓட்டி நிறுத்தினார். பிறகு, "செத்தது எம் பொண்ணு. நீ மறைச்சது போவட்டும். அந்த மனுசன் எங்கால்ல வுழுந்தாரே, அதப் பாத்துக்கினு சும்மா இருந்தியா?" என்று கேட்டார். அதோடு சரி. அன்று மாலைக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. நீங்கள் எழுதியது அப்படியே நடந்தது. இரண்டு மாதமாக ஒருத்தரும் எனக்குக் கதவு திறப்பதில்லை. ரத்தம் கொடுக்க ஆள் இல்லாததால் என் ரிஜிஸ்டரில் காய்ச்சல் பூஜ்யம் என்று நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு, மேல்நெல்லிவாடியில் மலேரியா ஒழிந்தது என்று மேலே எழுதிக்கொண்டார்கள்.

ஒழியவில்லை. சடையனுக்கு ஆறு நாளாய்க் காய்ச்சல். அது வேறு சாதி மலேரியா, மூளைக்கு ஏறுவது என்று பயமாக இருக்கிறது. அவர் வாசலில் மூன்று நாளாய் உட்கார்ந்திருக்கிறேன். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, இது இன்னது, இதைத்தான் தருகிறேன் என்று காட்டினேன். "நீ தண்ணி குடுத்தாலும் அதுல இன்னா கீதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்கிறார். கள்ளக்குறிச்சிக்கும் வரமாட்டேன் என்கிறார். "வைத்தியரு வந்து அவரு கையால குடுத்தா, அது எதுவானாலும் முழுங்கறேன்" என்று பூமாலையின் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

வாருங்கள் மாமா. என் முகத்தைப் பார்க்க வேண்டாம். நீங்கள் வரும்போது நான் ஊருக்கு வெளியே போய் நின்றுகொள்கிறேன். மாத்திரையை எண்ணி ஜன்னலில் வைத்திருப்பேன். எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுங்கள், அது போதும். கடிதம் பார்த்த அன்றைக்கே பஸ் ஏறுங்கள்.

கலையரசி

*

(அஞ்சல் அட்டை)

மேல்நெல்லிவாடி
13.8.1988

வடக்கனந்தல் வைத்தியர் கொளஞ்சியப்பன் அவர்களுக்கு,

இரண்டாம் தேதி நான் எழுதிய கடிதம் இன்று பிரிக்காமல் திரும்பி வந்தது. வாங்க மறுத்தார் என்று தபால்காரர் எழுதியிருக்கிறார். சடையன் எட்டாம் தேதி காலமானார். நேற்று ஐந்தாம் நாள் காரியமும் முடிந்தது. அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தேன் என்பதை நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் தலையிலும் ஏற்ற எனக்கு மனசில்லை.

உறை என்றால் பிரிக்க மாட்டீர்கள். ஆகையால் கார்டில் எழுதுகிறேன். இதைத் தபால்காரர் படிப்பார், டீக்கடையில் படிப்பார்கள், அத்தைக்கும் யாராவது படித்துக் காட்டுவார்கள். படிக்கட்டும்.

போன வருஷம் பூமாலை என்ற பெண் இறந்தது வைத்தியர் கொடுத்த கசாயத்தால் அல்ல. அந்தப் பொடியில் யாருக்கும் சொல்லாமல் மலேரியா மாத்திரையை நுணுக்கிக் கலந்தது நான். வைத்தியருக்கு அது தெரியாது. அவர் மருந்தில் எந்தக் குற்றமும் இல்லை. இதையே விசாரணை ஆபீசருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நாளை மலையை விட்டு இறங்குகிறேன். திருநாவலூருக்கு, அம்மா வீட்டுக்கு. பதில் வேண்டாம்.

சு. கலையரசி
கிராம சுகாதாரச் செவிலியர்